19 வயது மட்டக்குதிரைக்கு இன்னொரு குட்டி: எதுவரை முயலலாம்?

வேலந்தாவளத்துக்கு அருகே தங்கள் தோப்பில் நிற்கும் செவலைப் பெட்டைக்கு இப்போது 19 வயது. தங்கள் தந்தையார் அந்தியூர்ச் சந்தையில் வாங்கிவந்த அந்த மட்டக்குதிரை இரண்டு குட்டிகள் ஈன்றிருக்கிறது. கடைசிக் குட்டி பிறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. சென்ற ஆண்டு மூன்று சினைப்பருவங்களில் பொள்ளாச்சிப் பக்கம் கொண்டுபோய், ஒவ்வொரு பருவத்திலும் மூன்று நாள் தொடர்ந்து பொலிகுதிரையோடு சேர்த்தும் சினை நிற்கவில்லை. மாடு பார்க்கும் மருத்துவர் கருப்பைக்குள் மருந்து விட்டார். இப்போது வேறொருவர் ஐந்து ‘சினை ஊசி’ தொடர்ந்து போட்டால் நின்றுவிடும் என்கிறார். அந்த வம்சத்தில் ஒரு குட்டி வேண்டும், ஆனால் வயதான குதிரையை வதைக்கவும் மனமில்லை, எதுவரை முயலலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்திலும் எல்லைக்கு அப்பால் ஆனைமலைப் பக்கத்திலும் நெடுங்காலம் கால்நடை மருத்துவம் பார்த்தவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஊசிகளைப் போடவே வேண்டாம். கருப்பை எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஒரு முறை முழுமையாகப் பார்க்கச் சொல்லுங்கள். அது தாங்கும் என்று தெரிந்தால், பருவத்துக்கு ஒரே ஒரு சேர்க்கை என்ற கணக்கில் இரண்டு பருவங்கள் மட்டும், சேர்க்கைக்குப் பிந்தைய கவனிப்போடு முயலுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

வயதான பெட்டையில் சினை நிற்காததற்கு இரண்டு பெரிய காரணங்கள் உண்டு. ஒன்றைச் சரிசெய்ய முடியும், மற்றொன்றை முடியாது. முடியாதது முட்டை. பெட்டைக்குட்டி பிறக்கும்போதே தன் ஆயுளுக்குரிய முட்டைகளைச் சுமந்துதான் பிறக்கிறது. குதிரைக்கு 19 வயது என்றால் இன்று வெளிவரும் முட்டைக்கும் அதே வயதுதான். 1995-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இளம் பெட்டைகளின் முட்டைகளையும் முதிய பெட்டைகளின் முட்டைகளையும் எடுத்து, நல்ல கருப்பையுள்ள இளம் பெட்டைகளுக்குள் வைத்துப் பார்த்தார்கள். இளம் முட்டைகளில் 92 விழுக்காடு சினையாக, முதிய முட்டைகளில் 31 விழுக்காடே சினையாயிற்று. இரண்டும் வளர்ந்த இடம் ஒரே தரமுடையது என்பதால் குறை முட்டையில்தான் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. இதற்கு எந்த ஊசியும் கிடையாது. நின்ற கரு ஓரிரு மாதத்துக்குள் கலைந்துபோவதும் இதே காரணத்தால் மிகுதியாகிறது. இளம் குதிரைகளில் பத்தில் ஒன்று என்ற அளவில் இருக்கும் இந்த இழப்பு, 18 வயதைத் தாண்டியவற்றில் இரண்டு மூன்று மடங்காகக் கூடும்.

சரிசெய்ய முடிந்தது கருப்பை. தங்கள் குதிரையின் கதையைப் படித்தபோது என் ஐயம் அங்கேதான் போயிற்று, ஏனெனில் மூன்று நாள் தொடர்ந்து சேர்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். பொலிகுதிரையின் விந்து நேராகக் கருப்பைக்குள்ளேயே விழுகிறது. விந்தணுக்களும் கூடவே செல்லும் அழுக்கும் கிருமிகளும் அங்கே ஓர் அழற்சியை உண்டாக்குவது இயல்பு. இளம் பெட்டையின் கருப்பை சுருங்கிச் சுருங்கி, அழற்சியால் சேரும் நீரை ஒன்றரை நாளுக்குள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள், வெளியே தள்ளிவிடும். வயதான பெட்டையின் கருப்பை தளர்ந்து வயிற்றுக்குள் கீழிறங்கித் தொங்குவதாலும், தசையின் சுருக்கம் மந்தமாகிவிடுவதாலும், நீண்ட காலம் குட்டி போடாமலிருந்தால் கருப்பைவாய் சரியாகத் தளராததாலும், அந்த நீர் உள்ளேயே தங்கிவிடுகிறது. முட்டை கருவுற்ற பின் ஆறாம் நாள் வாக்கில் கரு கருப்பைக்குள் இறங்கும். அங்கே அழற்சி நீர் நின்றால் அது பிழைக்காது. ஒருமுறை சேர்த்த அழற்சி அடங்குவதற்குள் மறுநாளும், அதற்கடுத்த நாளும் சேர்ப்பது, வெள்ளம் வடியாத வயலுக்கு மீண்டும் மடை திறப்பதைப் போன்றது. அக்கறையினால்தான் அப்படிச் செய்தீர்கள் என்பது புரிகிறது. ஆனால் இந்த வயதில் அதுவே எதிராக வேலை செய்திருக்கலாம்.

ஆகவே பரிசோதனை. முதலில் வாலைத் தூக்கி வெளியிலிருந்தே பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நல்ல அமைப்பில் பிறப்புறுப்பின் இதழ்கள் செங்குத்தாகவும் இறுக மூடியும் இருக்கும். வயதான, மெலிந்த பெட்டைகளில் ஆசனவாய் உள்ளிழுக்கப்பட்டு, இதழ்களின் மேற்பகுதி முன்னோக்கிச் சாய்ந்து, சாணமும் காற்றும் உள்ளே போக வழி ஏற்பட்டுவிடும். நடக்கும்போதோ ஓடும்போதோ காற்று உறிஞ்சும் ஓசை கேட்டால் இது உறுதி. இதழ்களின் மேற்பகுதியை மரத்துப்போகச் செய்து தைத்துவிடும் காஸ்லிக் என்னும் சிறு அறுவை 1937 முதல் வழக்கத்தில் இருக்கிறது. சில குதிரைகளுக்கு இது ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது. சினை நின்றால், ஈனுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே அந்தத் தையலைத் திறந்துவிட வேண்டும் என்பதை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். திறக்க மறந்தால் பிரசவத்தில் சதை கிழிந்துபோகும்.

அடுத்தது ஆசனவாய் வழியாகச் செய்யும் ஸ்கேன். இதில் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மாட்டின் மலக்குடல் தாங்குவதைக் குதிரையின் மலக்குடல் தாங்காது. குதிரை முக்கும் நேரத்தில் கை முன்னேறினால் குடல் கிழிந்துவிடும். கிழிந்தால் பெரும்பாலும் உயிர் போய்விடும். மட்டக்குதிரையில் இடம் இன்னும் குறுகல். எனவே நாள்தோறும் நூறு மாடு பார்க்கும் திறமைசாலியாக இருந்தாலும், குதிரையில் பழகியவரா என்று கேளுங்கள். மெல்லிய கை, நிறைய வழுவழுப்புக் களிம்பு, தேவைப்பட்டால் மயக்க ஊசி, இவை இல்லாமல் கை வைக்க விடாதீர்கள். மண்ணுத்தி, உடுமலைப்பேட்டை, நாமக்கல் ஆகிய இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. புறப்படுவதற்கு முன் இனப்பெருக்கத் துறையைத் தொலைபேசியில் அழைத்து, குதிரைக்கு ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் செய்பவர் எந்த நாளில் இருப்பார் என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஸ்கேனில் கருப்பைக்குள் நீர் நிற்கிறதா, நீர்க்கட்டிகள் இருக்கின்றனவா, சினைப்பைகள் வேலை செய்கின்றனவா என்பவை தெரியும். கருப்பைக்குள்ளிருந்து எடுத்த மாதிரியைக் கிருமி வளர்ப்புக்கும் அழற்சி அணுக்களின் ஆய்வுக்கும் அனுப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கருப்பையின் உள்தோலிலிருந்து ஒரு சிறு துணுக்கைக் கிள்ளியெடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் திசுப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். அதைப் பார்த்து நான்கு தரமாகப் பிரிப்பார்கள். முதல் தரமென்றால், முறையாகச் சேர்த்தால் குட்டி கைக்கு வரும் வாய்ப்பு 80 விழுக்காட்டுக்கு மேல். இரண்டாம் தரத்தின் மேற்பிரிவில் 50 முதல் 80. கீழ்ப்பிரிவில் 10 முதல் 50. மூன்றாம் தரத்தில் 10 விழுக்காட்டுக்கும் குறைவு. மூன்றாம் தரம் என்று வந்தால் அன்றைக்கே விட்டுவிடலாம். நார்த்திசு படிந்துவிட்ட கருப்பையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இல்லை. தங்கள் கேள்விக்கு மிக நேரடியான விடையைத் தரக்கூடிய சோதனை இது ஒன்றுதான்.

சென்ற ஆண்டு கருப்பைக்குள் விட்ட மருந்து எது என்று கேட்டு எழுதிவையுங்கள். மாடுகளுக்கு வழக்கமாக விடும் அயோடின் கரைசல் செறிவாக இருந்தால் குதிரையின் உள்தோலைச் சுட்டு, ஒட்டுத்தழும்பு விழச் செய்யும். கிருமி இன்னதென்று தெரியாமல் நுண்ணுயிர்க்கொல்லியை விடுவதும் தவறு. குதிரையில் மிகுதியாகக் காணப்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக்கு ஒரு மருந்து, ஈ. கோலைக்கு வேறு, சூடோமோனாஸுக்கு வேறு. திரும்பத் திரும்ப விட்டால் பூஞ்சை தலைதூக்கும், அதைப் போக்குவது இன்னும் கடினம்.

கருப்பை முதல் தரத்திலோ இரண்டாம் தரத்திலோ இருந்து, கிருமியும் இல்லை என்றால் சேர்க்கைக்குப் போகலாம். பெட்டையின் பருவச் சுழற்சி 21 அல்லது 22 நாள்; அதில் ஐந்து முதல் ஏழு நாள் பொலிகுதிரையை ஏற்கும்; அந்த ஏற்கும் காலம் முடிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்புதான் முட்டை வெளியேறும். நாளைக் கணக்கிட்டுக் குத்துமதிப்பாகச் சேர்த்தால் மூன்று நாள் சேர்க்க வேண்டிவருகிறது. மாறாக, ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன் செய்து, முட்டைக்கொப்புளம் மட்டக்குதிரையில் 30 முதல் 35 மில்லிமீட்டர் அளவை எட்டி, கருப்பைச் சுவர் வீங்கிய தோற்றம் காட்டும்போது, முட்டையை வெளியேறத் தூண்டும் எச்.சி.ஜி ஊசி ஒன்று போட்டால், ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டை வெளியேறும். அதற்கு முந்தைய நாள் ஒரே ஒரு சேர்க்கை போதும். ஊசி என்று ஒன்று பயன்படுகிறதென்றால் அது இந்த இடத்தில்தான்.

உண்மையான சிகிச்சை சேர்க்கைக்குப் பிறகு தொடங்குகிறது. நான்கு மணி நேரத்துக்குள் தேவையான விந்தணுக்கள் கருக்குழாயை அடைந்துவிடுவதால், அதன் பின் கருப்பையைக் கழுவுவதால் சினைக்குக் கேடில்லை. நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் ஆக்ஸிடோசின் 10 முதல் 20 யூனிட், மட்டக்குதிரைக்கு அதில் குறைந்த அளவு, போட்டால் கருப்பை சுருங்கி நீரைத் தள்ளும். ஸ்கேனில் நீர் நின்றால், உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிய கிருமிநீக்கிய ரிங்கர் லாக்டேட் என்னும் உப்புக் கரைசலை ஒரு லிட்டர் ஒரு லிட்டராக விட்டு, திரும்பிவரும் நீர் தெளியும்வரை கழுவ வேண்டும். மறுநாளும் பார்க்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் குதிரையைக் கட்டிப்போடாமல் நடக்க விடுங்கள். தோப்பைச் சுற்றி அரைமணி நேரம் மெல்ல நடத்துவதுகூடத் தொங்கிய கருப்பை வடிய உதவும்.

இனி அந்த ஐந்து ஊசிகள். சினையைக் காக்கும் என்று சொல்லி நம் பக்கம் போடப்படுவது பெரும்பாலும் ஹைட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் கேப்ரோயேட் என்னும் செயற்கை ஹார்மோன். குதிரையின் உடல் அதை ஏற்றுப் பயன்படுத்துவதில்லை; சினையைக் காக்க அது உதவாது என்பது சோதனையிலேயே தெளிவானது. குதிரைக்குப் பயன்படுவது நாள்தோறும் வாயில் கொடுக்கும் ஆல்ட்ரெனோஜெஸ்ட் என்னும் ஹார்மோன் மருந்து. அதையும் அழற்சி நீர் நிற்கும் கருப்பைக்குக் கொடுத்தால் கருப்பைவாய் மூடிக்கொண்டு கேடு உள்ளேயே தங்கிவிடும். தங்கள் மருமகள்தான் குதிரையைப் பராமரிக்கிறார் என்றும் அவர் கருவுற்றிருக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். பருவத்தைச் சீக்கிரம் வரவழைக்கப் போடும் குளோப்ரோஸ்டினால் ஊசியையும் ஆல்ட்ரெனோஜெஸ்ட் மருந்தையும் அவர் தொடவே கூடாது. இரண்டும் தோல் வழியாகவே உடலுக்குள் செல்லும். முன்னது கருச்சிதைவை உண்டாக்கக் கூடியது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அவரும் குளோப்ரோஸ்டினாலைக் கையாளக் கூடாது.

கருப்பை நன்றாக இருந்தும் உடல் தாங்காத குதிரைகள் உண்டு. மட்டக்குதிரைகள் சிறிது தீனியிலேயே கொழுத்துவிடும் இயல்புடையவை. கழுத்தின் மேல் கொழுப்பு திரண்டு நிற்கிறதா, முன்னங்குளம்பில் சூடும் வலியும் வந்ததுண்டா, முடி நீண்டு உதிராமல் நிற்கிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறின் அடையாளம்; அது சினைப்பருவத்தையும் குலைக்கும், குளம்பழற்சியையும் கொண்டுவரும். குளம்பு ஏற்கெனவே பழுதடைந்த குதிரைக்கு 11 மாதச் சினையின் கூடுதல் பாரத்தை ஏற்றக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. உடம்பைக் குறைக்க வேண்டுமென்றால் சினைக்கு முன்பே குறைத்துவிடுங்கள். சினையான பின், குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், மட்டக்குதிரையின் தீனியைத் திடீரென்று குறைத்தாலோ அது தின்னாமல் நின்றாலோ, உடல் கொழுப்பெல்லாம் இரத்தத்தில் இறங்கி ஈரல் கெட்டு ஒரு வாரத்தில் செத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். பற்களையும் அராவிச் சரிசெய்துவிடுங்கள்.

தீனியில் நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கறவை மாட்டுக்காகப் போட்ட கோ-4 என்னும் நேப்பியர் வகைப் புல்லையே குதிரைக்கும் அறுத்துப் போடுகிறோம். நேப்பியர் வகைப் புல்லில் ஆக்ஸலேட் மிகுதி. அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். கூடவே தவிடு கொடுத்தால் அதிலுள்ள பாஸ்பரஸ் நிலைமையை மோசமாக்கும். எலும்பு தளர்ந்து முகம் வீங்கும். குட்டியின் எலும்பையும் பாலையும் உருவாக்க வேண்டிய தாய்க்கு இது பெரிய இழப்பு. சோளத்தட்டும் அருகும் கலந்து போடுங்கள், தவிட்டைக் குறைத்து, கொள்ளை ஊறவைத்து அளவாகக் கொடுத்து, சுண்ணாம்புச் சத்துள்ள தாது உப்பை நாள்தோறும் சேருங்கள்.

பொலிகுதிரை பெரிதாக இருந்தால் குட்டி வெளியே வராதோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. 1938-இல் கேம்பிரிட்ஜில், மிகப்பெரிய ஷயர் ஆண்குதிரைகளையும் சின்னஞ்சிறு ஷெட்லாண்ட் பெட்டைகளையும் செயற்கை முறையில் சேர்த்துப் பார்த்தபோது, குட்டியின் பிறப்பு அளவைத் தாயின் கருப்பையே கட்டுப்படுத்தியது தெரிந்தது. ஆனாலும் வயதான பெட்டைக்குத் தன் உயரமுள்ள மட்டக்குதிரையையே தேர்ந்தெடுங்கள். ஏறும்போது இடுப்புக்கும் நல்லது. பொலிகுதிரைக்கு கிளாண்டர்ஸ், தொற்று இரத்தசோகை, ஈக்கள் பரப்பும் சர்ரா ஆகிய மூன்று நோய்களுக்கும் இரத்தப் பரிசோதனை செய்த சான்றைக் கேட்காமல் கொண்டுபோகாதீர்கள். சர்ரா ஒன்றே சினையைக் கலைக்கப் போதுமானது. உறைவிந்து வேண்டாம்; அதை முட்டை வெளியேறும் நேரத்தை ஒட்டிச் சில மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும், வயதான கருப்பையில் அதனால் அழற்சியும் மிகும். பிக்கானேரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி வளாகத்தில் 2023-இல் கருமாற்ற முறையில் ஒரு மார்வாரி இனக் குட்டி பிறந்தது. முதிய தாயின் கருவை இளம் தாயிடம் வளர்க்கும் அந்த வழி எதிர்காலத்தில் நம் பக்கமும் வரலாம். ஆனால் மேலே சொன்ன முட்டையின் வயதை அதுவும் மாற்றாது.

முட்டை வெளியேறிய 14 அல்லது 15-ஆம் நாள் ஸ்கேன் கட்டாயம். இரட்டைக் கரு இருந்தால் 16-ஆம் நாளுக்குள் ஒன்றை நசுக்கிவிட வேண்டும்; இரண்டையும் சுமந்து நல்லபடியாக ஈனுவது குதிரையில் அரிது. 28-ஆம் நாள் இதயத்துடிப்பைப் பாருங்கள், பிறகு 45, 60-ஆம் நாட்களில் பாருங்கள். 36-ஆம் நாள் வாக்கில் கருப்பையில் சில சிறப்புச் சுரப்பிக் கிண்ணங்கள் உருவாகும். அதன் பின் கரு கலைந்தாலும் நான்கு மாதம்வரை பெட்டை பருவத்துக்கு வராது. பருவத்துக்கு வரவில்லை, ஆகவே சினை நின்றுவிட்டது என்று பலர் ஏமாறுவது இதனால்தான்.

நான் வளர்த்த கருப்பு மட்டக்குதிரை ஒன்று 21 வயதில் இயல்பாகவே சினையாகி, ஒரு குறையும் இல்லாமல் குட்டி ஈன்றது. குட்டி எழுந்து நிற்கும் முன்பே தாயின் ஈறுகள் வெளுத்தன. கருப்பைத் தமனி வெடித்து இரண்டு மணி நேரத்தில் இறந்துபோனது. வயது ஏற ஏற அந்தக் குழாயின் சுவர் மெலிவதால் இந்த ஆபத்து மிகுகிறது. முன்கூட்டி அறிய வழியில்லை, வெடித்தபின் செய்யக்கூடியதும் மிகக் குறைவு. குட்டியைப் புட்டிப்பாலில் வளர்த்தோம். இந்த ஒன்றைத் தாங்கள் ஏற்கத் தயாரா என்பதை வீட்டாரோடு உட்கார்ந்து பேசிய பிறகே பரிசோதனைக்கு நாள் குறியுங்கள். வேண்டாம் என்று முடிவுசெய்தால், அதன் இரண்டு குட்டிகளில் ஒன்று பெட்டையாக இருந்து இன்று எங்கேயாவது நல்லபடியாக இருக்குமானால், அதன் வயிற்றில் ஒரு குட்டி கேட்டு வாங்குவதும் அதே வம்சம்தான். நானாக இருந்தால் முதலில் அந்தப் பெட்டையைத் தேடியிருப்பேன்.

முயல்வதென்றால் இந்தக் கணக்கில் முயலுங்கள். நம் பகுதியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றேகால் மணி நேரமே வேறுபாடு என்பதால், குளிர்நாட்டுக் குதிரைகளைப் போல் அல்லாமல் பெரும்பாலான பெட்டைகள் ஆண்டு முழுவதும் பருவத்துக்கு வருகின்றன. ஐப்பசியில் பரிசோதனை, மார்கழியிலும் தையிலுமாக இரண்டு பருவங்கள். நின்றால் 11 மாதம் கழித்துக் கார்த்திகை, மார்கழியில், பங்குனி வெயிலும் ஆடி மழையும் இல்லாத நாட்களில் குட்டி பிறக்கும். ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பு டெட்டனஸ் தடுப்பூசி போடுங்கள். பனிக்குடம் உடைந்த அரைமணிக்குள் குட்டி வெளியே வராவிட்டால் மருத்துவர் அங்கே இருக்க வேண்டும்; ஆகவே முன்பே பேசி வையுங்கள். ஒரு மணி நேரத்தில் குட்டி நிற்க வேண்டும், இரண்டில் சீம்பால் குடிக்க வேண்டும், மூன்றில் நஞ்சுக்கொடி விழ வேண்டும். முதிய தாயின் சீம்பால் சத்துக் குறைந்திருக்கக் கூடும் என்பதால் மறுநாளே குட்டியின் இரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து இரவெல்லாம் காற்று வீசும். கொட்டகையின் அந்தப் பக்கத்தை மட்டும் தென்னந்தட்டியால் ஆள் உயரத்துக்கு அடைத்து, மற்ற மூன்று பக்கமும் திறந்தே விடுங்கள்.